காதைப் பார்த்துவிட்டுத் தோட்டா கொடுங்கள்

சுடுதளப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்



இந்திய இராணுவத்தில் ஒருவரின் உடல் தகுதியை 'ஷேப்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மனநலம், செவித்திறன், கைகால்கள், உடல் வலு, கண்பார்வை என ஐந்துக்கும் ஆளுக்கொரு எழுத்து. இரண்டாவது எழுத்தே காதுக்கு உரியது. அதிகாரியாகச் சேர வருபவரை அமைதியான அறையில் முதுகு காட்டி நிற்கவைத்து, 610 சென்டிமீட்டர் தள்ளி நின்று மருத்துவர் கிசுகிசுப்பார். அது ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக விழ வேண்டும். விழாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இப்படிச் சலித்தெடுத்த காதுகள்தாம் உங்கள் கைக்கு வருகின்றன. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் என்றாலும் சரி, சென்னையின் அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்றாலும் சரி, அந்தக் காது முதல் பெரிய அடியை வாங்கும் இடம் பெரும்பாலும் சுடுதளமாகத்தான் இருக்கும். எல்லைக்குப் போவது அதற்கப்புறம். ஜவான்கள் 'உஸ்தாத்' என்று அழைக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதக் காரணம் இதுதான். தளவாடம் வாங்குபவரும் மருத்துவரும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. ஆனால் முதல் தோட்டா வெடிக்கும் நொடியில் அந்த இளைஞர் பக்கத்தில் நிற்பவர் நீங்கள் மட்டுமே.

கணக்கு என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், தொடர்ந்து கேட்கும் ஒலிக்கு 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், அதனால் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். வெடியோசைக்கு இந்தக் கணக்கே கிடையாது. உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டினால் காதுக்குக் காப்பு கட்டாயம் என்பதுதான் பல நாட்டுப் படைகளின் விதி.

எம்-16 துப்பாக்கியைச் சுடுபவரின் காதருகே எழும் உச்ச ஒலி ஏறத்தாழ 157 டெசிபல். 140-க்கும் 157-க்கும் வித்தியாசம் 17 தானே என்று தோன்றலாம். ஒலிச் செறிவில் அது 50 மடங்கு. 15 மீட்டர் தூரத்தில் வெடிக்கும் கைக்குண்டு 164-ஐத் தொடும். 155 மில்லிமீட்டர் பீரங்கியின் குழுவினர் நிற்கும் இடத்தில் 178 வரை போகும். தோளில் வைத்துச் சுடும் கார்ல் குஸ்தாவ் 180-ஐத் தாண்டும்.

உடம்புக்கு இதைத் தடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெரிய ஒலி கேட்டதும் நடுக்காதில் உள்ள ஒரு சின்னஞ்சிறு தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது இறுக நொடியில் நூறில் சில பங்கு நேரமாவது வேண்டும். துப்பாக்கி வெடியின் உச்சமோ ஆயிரத்தில் ஒரு சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது. காவலாளி எழுந்து வருவதற்குள் திருடன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறான். உள்காதில் ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்லும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான். மனிதரில் அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

முதல் நாள் சுட்டுவிட்டு வந்த ரெக்ரூட், "உஸ்தாத், காது அடைச்ச மாதிரி இருக்கு. ஙொய்ன்னு சத்தம் கேக்குது" என்பார். "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்ற பதில் பல தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. அது முழுப் பொய்யும் அல்ல. அடைப்பு விலகும், இரைச்சலும் அடங்கும், அந்த வாரமே செவிப் பரிசோதனை செய்தால் எல்லாம் சரி என்று வரவும் கூடும்.

2009-இல் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் வெளியிட்ட ஆய்வு இந்தச் சமாதானத்தின் அடியில் கை வைத்தது. எலிகளை உரத்த ஒலியில் வைத்தார்கள். சில நாட்களில் அவற்றின் கேட்கும் அளவு பழையபடி திரும்பியது, மயிர்ச் செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் முடிச்சுகள், ஒலி கடுமையாகத் தாக்கிய பகுதியில், பாதிவரை அழிந்துபோயிருந்தன. அவை திரும்பி வரவேயில்லை. மனிதக் காதிலும் இதே அளவுக்கு நடக்கிறதா என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் 'சரியாகிவிட்டது' என்பதற்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பொருளில்லை. பயிற்றுநருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

வெடியோசையால் வரும் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளில் தொடங்குகிறது. பேச்சுச் சத்தம் காதில் விழும், ஆனால் சொல் தெளிவாக இருக்காது. ச, ஸ, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் ஒன்றோடொன்று குழம்பும். சத்தமில்லாத அறையில் இது தெரியாது. வாகன இரைச்சலுக்கு நடுவே, ரேடியோவில் வரும் கட்டளையில், இரவுக் காவலில் சருகு மிதிபடும் ஓசையில் தெரியும்.

இதன் விலை என்ன என்று அமெரிக்க இராணுவம் 1990-இல் அளந்து பார்த்தது. பீரங்கி வண்டிக் குழுக்களைப் பயிற்சிப் பொறியில் உட்காரவைத்து, அவர்களுக்குள் நடக்கும் பேச்சின் தெளிவை மட்டும் கூட்டியும் குறைத்தும் போர் நடத்தவிட்டார்கள். பேச்சு தெளிவாக இருந்தபோது 98 சதவீத இலக்குகளைச் சரியாக அடையாளம் கண்டார்கள், தெளிவு கெட்டபோது 68 சதவீதம்தான். கட்டளையைத் தவறாகக் கேட்பது 1 சதவீதத்திலிருந்து 37 ஆனது. எதிரியின் சூட்டில் குழு மொத்தமும் மடிவது 7-லிருந்து 28 ஆக ஏறியது. அதே வண்டி, அதே பீரங்கி, அதே ஆட்கள். ஆவடியில் தயாரான வண்டிகளில் ஏறும் குழுக்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. காதைக் காப்பது சொகுசு என்று இன்னும் நினைக்கும் அதிகாரி யாராவது இருந்தால், இந்த எண்களை அவர் மேசைக்கு அனுப்பலாம்.

பிரச்சினை பழையது. 1782-இல் கரீபியன் கடலில் நடந்த செயின்ட்ஸ் சண்டையில் ஃபார்மிடபிள் என்ற கப்பல் தன் பக்கவாட்டுப் பீரங்கி வரிசையை 80 முறை சுட்டதாகவும், அதிலிருந்த பிரிட்டிஷ் தளபதி ரோட்னிக்கு அதன்பின் 14 நாள் காது கேட்கவில்லை என்றும் குறித்துவைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் மாலக்-ஆர்ம்ஸ்ட்ராங் என்ற காதடைப்பானைப் பிரிட்டிஷ் வீரர்கள் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க விமானப்படை செவிப் பாதுகாப்புக்கென்றே விதி எழுதியது. ஆனாலும் 2020 நிதியாண்டில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறையிடம் காது இரைச்சலுக்காக இழப்பீடு பெற்றவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல், செவித்திறன் இழப்புக்காகப் பெற்றவர்கள் 13 இலட்சத்துக்கும் மேல். குண்டடி, கால் முறிவு, முதுகுவலி எல்லாவற்றையும் தாண்டி இழப்பீட்டுப் பட்டியலில் முதலில் நிற்பது காது இரைச்சல்தான்.

விதி இருந்தது, பணம் இருந்தது, சாதனமும் இருந்தது. பிறகு எங்கே ஓட்டை? அதைப் புரிந்துகொள்ள 'காம்பாட் ஆர்ம்ஸ்' இயர்பிளக்கின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

அது நல்ல யோசனையில் பிறந்த பொருள். ஒருமுனை மஞ்சள், மறுமுனை ஆலிவ் பச்சை. பச்சை முனையைக் காதில் செருகினால் எல்லா ஒலியும் அடைபடும். மஞ்சள் முனையைச் செருகினால் பேச்சும் காலடியும் கேட்கும், வெடியோசை மட்டும் மட்டுப்படும். உள்ளே ஒரு நுண்துளை வடிப்பான் வைத்து இதைச் சாதித்தார்கள். மெதுவான ஒலியைத் தாராளமாக விட்டு, அழுத்தம் திடீரென ஏறும்போது தடுக்கும் அந்த வடிப்பானின் மூலம் பிரான்சின் செயின்ட் லூயி நகரில் உள்ள பிரெஞ்சு-ஜெர்மன் ஆய்வுக்கூடம். ஏரோ டெக்னாலஜிஸ் இதைத் தயாரித்தது. 2008-இல் அந்த நிறுவனத்தை த்ரீ எம் வாங்கியது. 2003 முதல் 2015 வரை இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போன அமெரிக்க வீரர்களிடம் இது பரவலாக இருந்தது.

குறை தண்டின் நீளத்தில் இருந்தது என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. தண்டு குட்டையாக இருந்ததால் சிலர் காதில் ஆழமாக இறங்கவில்லை, அணிந்தவருக்கே தெரியாமல் மெல்லத் தளர்ந்தது. 2000-இல் உற்பத்தியாளரின் சொந்த ஆய்வகத்தில் நடந்த சோதனையில் எதிர்பார்த்த அளவு தடுப்பு கிடைக்காமல் சோதனை பாதியில் நின்றது. வெளியே நிற்கும் முனையின் இதழ்களைப் பின்னுக்கு மடித்துவிட்டுச் செருகினால் நன்றாகப் பொருந்தியது. மடித்துச் செய்த சோதனையில் கிடைத்த 22 என்ற ஒலித்தடுப்பு எண் உறையில் ஏறியது. மடிக்க வேண்டும் என்ற விவரம் வீரர்களிடம் போய்ச் சேரவில்லை.

2016-இல் போட்டி நிறுவனமான மோல்டெக்ஸ்-மெட்ரிக் வழக்குப் போட்டது. 2018-இல் த்ரீ எம், பொறுப்பை ஏற்காமலேயே, அரசுக்கு 91 இலட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அதன்பின் வீரர்கள் வந்தார்கள், இரண்டரை இலட்சம் பேருக்கு மேல். ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் ஒரே நீதிபதியின் முன் குவிந்த அந்த வழக்குகள் அமெரிக்க நீதிமன்ற வரலாற்றிலேயே மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று. முன்னோட்டமாக நடந்த 16 விசாரணைகளில் 10-ல் வீரர்கள் வென்றார்கள். 2023 ஆகஸ்டில் 601 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இந்தக் கதையை நிறுவனத்தைத் திட்டுவதற்கான கதையாக மட்டும் படித்தால் சுடுதளத்துக்கு அதில் வேலையில்லை. இயர்பிளக் பொட்டலத்தைக் கையில் கொடுப்பதோடு கடமை முடிந்துவிட்டது என்று ஒரு பெரிய படை பத்தாண்டுக்கு மேல் இருந்தது என்பதையும் அதில் படிக்க வேண்டும். ஒவ்வொரு காதிலும் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் எங்கும் உறுதியாக இருந்திருந்தால், தளர்ந்த பிளக் முன்னாலேயே சிக்கியிருக்கக்கூடும். உறையில் அச்சான எண் ஆய்வகத்தின் எண். நிஜ வாழ்க்கையில் அது அப்படியே கிடைப்பதில்லை என்று தெரிந்துதான், உருட்டிச் செருகும் நுரைப் பிளக்குகளின் எண்ணைப் பாதியாகவும், மற்ற பிளக்குகளின் எண்ணை 70 சதவீதமும் குறைத்துக் கணக்கிடச் சொல்கிறது நியோஷ். நுரையில் பாதி வீணாவது பெரும்பாலும் செருகத் தெரியாததால்தான்.

செருகுவது எளிய வேலை, ஆனால் யாராவது ஒருமுறை கைப்பிடித்துக் காட்ட வேண்டும். சுத்தமான விரல்களால் பிளக்கை மடிப்பில்லாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். அப்போது உள்ளே விட்டு, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பிளக்கின் பெரும்பகுதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது காதில் இல்லை, காதின் வாசலில் இருக்கிறது. எதிரே நின்று பார்க்கும்போது பிளக்கின் பின்முனை பளிச்சென்று தெரிந்தால் எடுத்து மறுபடி செருகச் சொல்லுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது இன்னும் இரக்கமற்றது. இரைச்சலில் நிற்கும் நேரத்தில் பாதி நேரம் பிளக்கைக் கழற்றிவிட்டால், அது 30 டெசிபல் தடுக்கும் உயர்தரப் பிளக்காக இருந்தாலும் மொத்தத்தில் கிடைக்கும் பலன் வெறும் 3 டெசிபல்தான். கழற்றிய நேரத்தில் வாங்கியதை மாட்டிய நேரம் ஈடுகட்டாது. வெடியோசைக்கு இது இன்னும் கடுமை. பிளக்கை எடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வரிசையில் வெடிக்கும் ஒரே ஒரு குண்டு போதும்.

ஏன் கழற்றுகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பேசிவிடலாம். உங்கள் கட்டளை கேட்காததால்தான் பெரும்பாலும் கழற்றுகிறார்கள். கேட்காமல் தப்பாகச் செய்தால் திட்டு விழும், காது கெட்டால் யாரும் திட்டப் போவதில்லை. களத்தில் இருக்கும் வீரருக்கு இந்தப் பயம் இன்னும் நியாயமானது. எதிரியின் அசைவு கேட்காத காது உயிருக்கு ஆபத்து. பேச்சை உள்ளே விட்டு வெடியைத் தடுக்கும் பிளக்குகளும், வெளிச் சத்தத்தை ஒலிவாங்கியில் எடுத்து அளவோடு உள்ளே தரும் மின்னணு ஹெட்செட்டுகளும் இதற்காகவே வந்தவை. ஹெட்செட்டுகளின் விலை அதிகம் என்பதால் எல்லோர் கைக்கும் அவை வர நாளாகலாம். ஆனால் சுடுதளத்தில் கைச்சைகையும் கொடியும் ஒலிபெருக்கியும் வைத்துக் கட்டளை தர விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

பெரிய ஆயுதங்களுக்குப் பிளக் மட்டும் போதாது. திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் கார்ல் குஸ்தாவைத் தயாரிக்கிறார்கள், அதைத் தோளில் சுமப்பவர்கள் காலாட்படை வீரர்கள். அதற்குப் பிளக்கும் அதன்மேல் காதுறையும் சேர்த்து அணிய வேண்டும். இரண்டையும் போட்டால் தடுப்பு இரட்டிப்பாகும் என்று எண்ணிவிட வேண்டாம். சிறந்த ஒன்றின் மேல் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 5 டெசிபல்தான், ஏனென்றால் ஒலி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்ளே போகிறது. அதனால்தான் அமெரிக்கப் படையில் ஒருவர் ஒரு நாளில் இதை எத்தனை முறை சுடலாம் என்று பயிற்சிக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை சுட்டார், யார் பக்கத்தில் நின்றார் என்ற குறிப்பேடு இல்லாமல் அந்த வரம்பைக் காப்பாற்ற முடியாது.

பக்கத்தில் நிற்பவர் என்றால் முதலில் நீங்கள்தான். ரெக்ரூட் சில நாள் சுட்டுவிட்டுப் போய்விடுவார், அடுத்த அணி வரும். நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். ஓராண்டில் ஒரு ரெக்ரூட் கேட்கும் வெடியைப் போலப் பல மடங்கு உங்கள் காதில் விழுகிறது. இருபது ஆண்டுப் பணி முடிந்து ஊர் திரும்பியபின், தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொல்லி வீட்டில் சண்டை வருவதும், மனைவி பேசுவதைக் கவனிக்காமல் இருப்பதாகப் பெயர் வாங்குவதும், படுத்ததும் காதுக்குள் இரைச்சல் தொடங்குவதும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பிளக் இல்லாமல் நிற்பதை வீரம் என்று காட்டும் உஸ்தாத், பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் அதையே பாடமாக நடத்துகிறார்.

கடைசியாகக் காகிதம். சுடுதளத்துக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் செவிப் பரிசோதனை வரைபடம் ஒன்று எடுத்து வைக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 மணி நேரமாவது பெரிய சத்தத்தில் இருந்திருக்கக் கூடாது. ஆண்டுதோறும் மறுபடி எடுத்து, 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸில் சராசரியாக 10 டெசிபல் சரிந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. 2005-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) படைகளின் செவிப் பாதுகாப்பை ஆராய்ந்தபோது, பணியில் சேரும்போதும் விலகும்போதும் எடுக்க வேண்டிய இந்தப் பரிசோதனைகள் பலருக்கு இல்லை என்பதைப் பெரிய குறையாகச் சுட்டியது. முதல் வரைபடம் இல்லையென்றால் பின்னாளில் எவ்வளவு இழந்தார் என்று காட்ட வழியே இல்லை.

அக்னிவீரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் அவர்களுக்குப் பணி 4 ஆண்டு. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் 25 சதவீதம் வரைதான், மற்றவர்கள் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வருவார்கள். காவல்துறை, ரயில்வே என்று அடுத்து அவர்கள் தட்டும் கதவுகளிலும் மருத்துவத் தேர்வு உண்டு. பணியால் நேர்ந்த உடற்குறைக்கு இழப்பீடு கேட்டாலும் அதன் சதவீதத்தை மருத்துவக் குழு தீர்மானிக்கும். இரண்டுக்கும் ஆதாரம் அந்த வரைபடம்தான். பிரிட்டனில் 2023-இல் முன்னாள் ராயல் மரீன் ஒருவருக்குச் செவித்திறன் இழப்புக்காக உயர் நீதிமன்றம் 7 இலட்சம் பவுண்டுக்கு மேல் வழங்கியது. அப்படிப்பட்ட தீர்ப்புகளுக்குப் பின்னால் இருப்பவை பணிக்கால ஆவணங்கள்.

ஆகவே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த சுடுதள நாளில் தோட்டா வழங்கும் இடத்துக்கு முன்னால் காது பார்க்க ஓர் ஆளை நிறுத்துங்கள். பிளக் சரியாக இல்லாதவருக்குத் தோட்டா கிடையாது என்று அறிவியுங்கள். உங்கள் காதிலும் அது இருக்கட்டும். சுட்டவர் பெயருக்கு எதிரே எண்ணிக்கையைக் குறியுங்கள். காது அடைத்தது என்று சொல்பவரைக் கேலி செய்யாமல் அன்றே மருத்துவ அறைக்கு அனுப்புங்கள். இதற்குத் தலைமையகத்தின் புதிய உத்தரவு எதுவும் வேண்டாம். சுடுதளப் பொறுப்பாளரின் ஒரு சொல் போதும், அதை நாளைக் காலை வரிசை நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்.